பி.டி. மாஸ்டருக்கு யோகா தேவையில்லை

'உடற்கல்வி ஆசிரியர்களின் வேலை அழுத்தமும் வேலைத் திருப்தியும்'. இந்த மாதிரித் தலைப்பில் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் நிறைய உண்டு. ஐந்து புள்ளி வினாத்தாள் கொடுப்பார்கள், சராசரி போடுவார்கள், கடைசி அத்தியாயத்தில் யோகாவும் தியானமும் பரிந்துரைப்பார்கள். நானும் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள்தான். அந்த வினாத்தாள்களில் நான் பார்க்காத கேள்வி ஒன்று உண்டு: பள்ளிக்குள் உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள்?

சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் நான் பேசிய பி.டி. மாஸ்டர்கள் இதற்கு யோசிக்காமல் பதில் சொன்னார்கள். கணக்கில் சிலபஸ் முடியாவிட்டால் பறிபோவது விளையாட்டு பீரியட். அசெம்பிளியில் வரிசை நிறுத்த, தாமதமாக வருகிறவனைப் பிடிக்க, முடி வெட்டாதவனை மிரட்ட, மாணவன் கையில் இருக்கும் சாதிக் கயிற்றைக் கழற்ற அவர் வேண்டும். படிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேண்டாம். மூளை உழைப்பு உயர்ந்தது, உடலுழைப்பு தாழ்ந்தது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது சாதி. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைப் பார்க்க ஊருக்குள் போக வேண்டியதில்லை, ஸ்டாஃப் ரூமே போதும்.

'இந்த வேலையில் எல்லாச் சாதியினரும் இருக்கிறார்களே' என்பார்கள். இருக்கட்டும். நான் பேசுவது ஆளின் சாதியை அல்ல, வேலைக்குத் தரப்பட்ட இடத்தை.

அந்த இடத்தைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8ஆம் வகுப்புவரை அறிவியல்-கணிதத்துக்கும் சமூக அறிவியலுக்கும் மொழிக்கும் 'ஆசிரியர்'. 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் 'பகுதிநேரப் பயிற்றுநர்'. 2012இல் தமிழ்நாடு அரசு இப்படித்தான் 16,549 பேரை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அது 2021இல் 10,000, பிறகு 12,500 ஆனது. மே மாதம் சம்பளம் இல்லாமலே பத்தாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். பதினோரு மாதச் சம்பளத்தைக் கூட்டினால் வருடத்துக்கு 1,37,500. பணி நிரந்தரம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்குக் கொடுத்தது. அதன் பிறகும் இவர்கள் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் போராட உட்கார்ந்தார்கள், கைதானார்கள். ஒப்பந்தத்தில் வருடக்கணக்காக வைத்திருந்துவிட்டு 'திருப்தி எவ்வளவு' என்று கேட்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

சம்பளத்தோடு இது முடிவதில்லை. சாதி ஒழிய வேண்டுமென்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் தொட வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும், சேர்ந்து தோற்க வேண்டும். கபடியைத் தொடாமல் விளையாட முடியாது. வகுப்பறையில் தனித்தனி பெஞ்சில் உட்காரலாம், ஆடுகளத்தில் அது நடக்காது. ஆனால் எந்த ஊர்க்காரன் கேப்டன், யார் தோற்றால் யாருக்கு மானம் போகும் என்ற கணக்கும் அங்கேதான் ஓடுகிறது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவன் ஒருவன் வெட்டப்பட்டான். கபடிப் போட்டியில் அவனது அணி ஜெயித்ததே காரணம் என்றது குடும்பம். இந்தப் பகை வளர்வதை முதலில் பார்க்கக்கூடியவர் விசிலோடு களத்தில் நிற்பவர். அவரோ பகுதிநேரம்தான் பள்ளியில் இருக்கிறார். ஊர்ப் பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் சொன்னால், வேலை போகுமா என்ற பயம் வேறு.

இதற்கு மூச்சுப்பயிற்சி மருந்தல்ல. இவர்களை நிரந்தரமாக்குங்கள், முழுநாள் பள்ளியில் வையுங்கள், விளையாட்டு பீரியடில் வேறு பாடம் நடத்தத் தடை போடுங்கள். ஒன்றிய அரசு அந்த அட்டவணையிலிருந்து 'பகுதிநேரம்' என்ற சொல்லை எடுக்கட்டும்.