ஹேபருக்கு இந்த வக்காலத்து செல்லாது

'ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். உரம் தந்து உலகுக்கே சோறு போட்டவரை விஷவாயுவுக்காகத் தூற்றுவது அநியாயம்' என்று ஒரு கட்டுரையில் வாதிடுகிறார் அதன் ஆசிரியர். உரக் கதை உண்மை. ஆணைக் கதை பொய்.

1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் மேல் செலுத்தி, உரத்தின் மூலப்பொருளான அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் காட்டினார் ஹேபர். மாபெரும் சாதனைதான். ஆனால் அதை ஆலை உற்பத்தியாக வளர்த்தவர் கார்ல் போஷ். முதல் உலகப் போர் மூண்டதும் அதே அமோனியா நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்துக்கும் போனதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

இனி ஆணைக்கு வருவோம். குளோரினைச் சிலிண்டர்களில் அடைத்துக் காற்றின் போக்கில் திறந்துவிடும் திட்டத்தை முன்வைத்ததே ஹேபர்தான். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் சுமார் 6,000 சிலிண்டர்கள் திறக்கப்பட்டன. காற்றைவிடக் கனமான அந்த மஞ்சள்பச்சை வாயு தரையோடு ஊர்ந்து பதுங்குகுழிகளில் இறங்கியது. ஏற்பாடுகளைப் போர்முனைக்கே போய் மேற்பார்வையிட்டவர் ஹேபர். போருக்குப் பிறகும் வருந்தவில்லை. வாயு மற்ற ஆயுதங்களைவிடக் கொடியதல்ல என்றே சாதித்தார்.

மறுக்க வழியில்லையா? விஷவாயு வேலையில் சேர இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் மறுத்தாரே! ஏன், ஹேபரே 1933இல், யூத ஊழியர்களை நீக்கச் சொன்ன நாஜி அரசுக்குப் பணியாமல் பதவியைத் துறந்தார். முடியாது என்று சொல்லத் தெரிந்த மனிதர்தான். 1915இல் அவர் அப்படிச் சொல்ல விரும்பவில்லை.