மலை ஓட்டத்தில் ‘கட்டாயப் பட்டியல்’ ஏன் கட்டாயம்?

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் உள்ள மஞ்சள் நதிக் கல்வனப் பகுதியில் 100 கி.மீ. மலை ஓட்டப் பந்தயம் காலையில் தொடங்கியது. கலந்துகொண்டவர்கள் 172 பேர். பலர் அணிந்திருந்தது டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும்தான். நண்பகல் வாக்கில் மலையின் உயரமான பகுதியில் ஆலங்கட்டி மழையும் உறையவைக்கும் குளிர்மழையும் சூறைக்காற்றும் சேர்ந்து தாக்கின. மறுநாள் தேடுதல் பணி முடிந்தபோது இறந்தவர்கள் எண்ணிக்கை 21.

நிலச்சரிவோ வெள்ளமோ காரணம் இல்லை. உடல் சூட்டை இழந்ததுதான் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது. இறந்தவர்களில் லியாங் ஜிங்கும் ஒருவர். சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவராக அறியப்பட்டவர் அவர். எனவே, ‘அனுபவம் இல்லாதவங்க போய் மாட்டிக்கிட்டாங்க’ என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஓட்டக்காரர்கள் பையில் வைத்தே ஆக வேண்டிய கட்டாயப் பொருட்களின் பட்டியல் அந்தப் பந்தயத்திலும் இருந்தது. ஆனால், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அதில் இல்லை. ‘எடுத்துவந்தால் நல்லது’ என்ற பரிந்துரைப் பட்டியலில்தான் அது இருந்தது. ‘கட்டாயம்’ என்பதற்கும் ‘நல்லது’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்த மலை காட்டிவிட்டது.

குளிர் எப்படிக் கொல்கிறது?

மனித உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். இது 35 டிகிரிக்குக் கீழே போனால் ‘ஹைப்போதெர்மியா’ எனப்படும் தாழ்வெப்ப நிலை தொடங்குகிறது. இதற்குப் பனிமலை தேவையில்லை. நனைந்த உடை, பலத்த காற்று, களைத்த உடல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 10 டிகிரி வெப்பநிலையிலேயே ஆபத்து வந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பதே காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை தசைகள் அடுப்பு மாதிரி வேலை செய்கின்றன. அதனால் குளிர் தெரியாது. கால் பிசகி உட்கார்ந்தாலோ, பசியில் வேகம் குறைந்தாலோ, வழி தவறி நின்றாலோ அந்த அடுப்பு அணைகிறது. வியர்வையில் நனைந்த உடை உடம்பிலேயே இருக்கிறது. அதிலிருந்து நிலைமை வேகமாக மோசமாகும். பாதுகாப்புப் பொருட்கள் ஓடுவதற்காக அல்ல, ஓட முடியாமல் நிற்கும் நேரத்துக்காக என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ‘நான் ஃபாஸ்ட் ரன்னர், எனக்கு எதுக்கு?’ என்ற கேள்வி அடிபட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்வதும் ஒரு பாதுகாப்புதான். முதலில் நடுக்கம் வரும். பிறகு ஜிப்பைக்கூட இழுக்க முடியாமல் விரல்கள் தடுமாறும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் அது குணமாவதற்கான அடையாளம் இல்லை. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர் ஏற ஏற மூளை மந்தமாகும். ‘ஜாக்கெட்டை எடுத்துப் போட வேண்டும்’ என்ற முடிவைக்கூட எடுக்க முடியாமல் போகும். அதனால்தான், குளிர்ந்த பிறகு அல்ல, குளிரப் போகிறது என்று தெரிந்ததுமே ஜாக்கெட்டைப் போட வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய 3 நாடுகள் வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் ‘யுடிஎம்பி’ உலகின் புகழ்பெற்ற மலை ஓட்டங்களில் ஒன்று. 2003-ல் தொடங்கிய இந்தப் பந்தயத்தின் தூரம் இப்போது 170 கி.மீ.-க்கு மேல். ஏற வேண்டிய மொத்த உயரம் சுமார் 10,000 மீட்டர். அதன் கட்டாயப் பட்டியல் மற்ற பல பந்தயங்களுக்கு முன்மாதிரி. அதில் உள்ள பொருட்களையும் அவற்றின் காரணங்களையும் பார்க்கலாம்.

*தலைமூடியுடன் கூடிய மழை ஜாக்கெட்:* பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று விற்கப்படும் மெல்லிய ஜாக்கெட் தூறலைத் தாங்கும், மலை மழையைத் தாங்காது. குறைந்தது 10,000 மி.மீ. நீர்த்தாங்கு திறன் வேண்டும். தையல்கள் உள்பக்கம் டேப் போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் முதலில் நுழைவது தையல் வழியாகத்தான்.

*கதகதப்பான இரண்டாவது உடை, குல்லா, கையுறை:* ஜாக்கெட் காற்றையும் மழையையும் தடுக்கும். சூட்டைப் பிடித்துவைக்க உள்ளே இன்னொரு முழுக்கை உடை வேண்டும். பருத்தி கூடவே கூடாது. நனைந்த பருத்தி எளிதில் காயாது; உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். கம்பளி அல்லது செயற்கை இழை சரி. கையுறை ஆடம்பரம் அல்ல. விரல் மரத்துவிட்டால் பை ஜிப்பைத் திறக்கவோ போனைத் தொடவோ முடியாது. அப்புறம் பையில் என்ன இருந்து என்ன பயன்?

*உயிர்காப்புப் போர்வை:* வெள்ளிக் காகிதம்போல மினுமினுக்கும், கைக்குள் அடங்கும் போர்வை. உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தை இது திருப்பி அனுப்பும். ஆனால், மெல்லியது. கான்சுவில் சூறைக்காற்றில் இந்தப் போர்வைகள் கிழிந்து பறந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். ஜாக்கெட்டுக்கு இது மாற்று இல்லை. காற்று படாத இடத்தில் ஒதுங்கிய பிறகு சுற்றிக்கொள்ள உதவும். தூங்கும் பை வடிவில் கிடைப்பது இன்னும் நல்லது.

*இரண்டு தலைவிளக்குகள்:* ஒன்று போதாதா? போதாது. ஒன்று பழுதானால் பேட்டரி மாற்றுவதற்குக்கூட வெளிச்சம் வேண்டும். ‘நான் இருட்டறதுக்குள்ள முடிச்சிடுவேன்’ என்பது திட்டம் மட்டுமே. கால் சுளுக்கினால் அந்தத் திட்டம் அங்கேயே காலி.

*விசில்:* கத்தினால் சில நிமிடங்களில் தொண்டை கட்டிவிடும். விசில் மணிக்கணக்கில் ஒலிக்கும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி ஊதினால் ‘உதவி தேவை’ என்று பொருள். நிமிடத்துக்கு 3 முறை பதில் ஒலி வந்தால் ‘கேட்டுவிட்டது’ என்று பொருள்.

*செல்போன்:* முழு சார்ஜ், போட்டி ஏற்பாட்டாளரின் அவசர எண், இணையம் இல்லாமலேயே திறக்கும் வரைபடம் மூன்றும் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வைப்பது நல்லது.

*தண்ணீர், உணவு, கட்டுத்துணி:* குறைந்தது 1 லிட்டர் தண்ணீர், கைவசம் கூடுதல் உணவு. உணவு தீர்ந்தால் உடல் சூடும் இறங்கும். அதற்காக அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டுமே குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். சுளுக்கிய காலை இறுக்கிக் கட்டி அடுத்த முகாம் வரை நடக்க ஒட்டும் வகை மீள்துணி உதவும்.

‘வெயிட் ஏறுமே?’

ஓட்டக்காரர்களின் வழக்கமான புகார் இதுதான். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கிராமையும் 100 கி.மீ. சுமக்க வேண்டும். ஆனால், இன்றைய நல்ல மழை ஜாக்கெட்டின் எடை 200 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிகூட வராத எடை அது.

உண்மையான பிரச்சினை எடை அல்ல, போட்டி மனநிலை. பக்கத்தில் ஓடுபவர் ஜாக்கெட் இல்லாமல் ஓடினால், சுமந்து ஓடுபவருக்குத் தான் ஏமாளி என்று தோன்றும். ‘பரிந்துரை’ என்று விட்டால் முன்வரிசைக்காரர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கழற்றிவிடுவார்கள். எல்லாருக்கும் கட்டாயம் என்று ஆகிவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கட்டாயம் என்பதன் நோக்கமே பாதுகாப்பாக ஓடுபவரைப் போட்டியில் பின்தங்கவிடாமல் காப்பதுதான்.

சோதனை இல்லாத விதி வெறும் காகிதம். யுடிஎம்பியில் பாதையின் நடுவிலும் திடீர்ச் சோதனை உண்டு. பொருள் இல்லை என்றால் நேர அபராதம் முதல் தகுதிநீக்கம் வரை போகும். தொடக்கக் கோட்டில் ஒருமுறை பையைத் திறந்து காட்டினால் முடிந்தது என்று விடும் பந்தயங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலை பற்றிய புகாரில் மட்டும் முழு நியாயம் உண்டு. இறக்குமதி ஜாக்கெட்டின் விலை சிலருக்கு ஒரு மாத வீட்டு வாடகை. அதற்குத் தீர்வு விதியைத் தளர்த்துவது அல்ல. ஏற்பாட்டாளர்கள் வாடகைக்குக் கொடுக்கலாம். ரன்னிங் குழுக்கள் பொதுவில் வாங்கிப் பகிரலாம். 2 நாள் பந்தயத்துக்காக ஒவ்வொருவரும் சொந்தமாக வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

பழியெல்லாம் பைமேல் போடலாமா?

கூடாது. கான்சு பந்தயத்தில் பலத்த காற்று பற்றிய வானிலை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது முகாம்களுக்கு இடையே சுமார் 8 கி.மீ. தூரத்துக்குச் செங்குத்தான ஏற்றம். வாகனம் போக முடியாத அந்தப் பகுதியில்தான் பெரும்பாலானோர் சிக்கினர். விசாரணை அறிக்கை திடீர் வானிலை மாற்றத்தை மட்டும் குறை சொல்லவில்லை. ஏற்பாடுகளில் இருந்த தொழில்முறைக் குறைபாட்டையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது. அதிகாரிகள்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

அன்று 6 பேரின் உயிரைக் காப்பாற்றியவர் ஆடு மேய்க்க வந்திருந்த ஜூ கெமிங். குளிரில் உறைந்தவர்களைத் தான் ஒதுங்கியிருந்த குகைக்குக் கொண்டுபோய்த் தீமூட்டிக் காய்ச்சியவர் அவர். ஏற்பாட்டாளர்கள் செய்திருக்க வேண்டியதும் அதுதானே? ஒதுங்க இடம், சூடு, ஆள். பந்தயத்தை நிறுத்தும் துணிவும் அதில் சேர்த்தி. 2010-ல் யுடிஎம்பி மோசமான வானிலையால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2012-ல் பாதை சுருக்கப்பட்டது. அதனால் அந்தப் பந்தயத்தின் பெயர் கெட்டுவிடவில்லை.

நம்ம ஊர் ஓட்டக்காரர்களுக்கு?

சென்னைக் கடற்கரையிலும் கோவைப் பூங்காக்களிலும் பயிற்சி எடுத்துவிட்டு நீலகிரிக்கும் லடாக்குக்கும் ஓடப் போகும் ஐடி ஊழியர்கள் இப்போது நிறைய. சமவெளியில் அவர்கள் பழகியது வெயிலோடு போராட. மலையின் கணக்கு வேறு. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம் அதிகம். கீழே வியர்க்கும்போதே மேலே 12 டிகிரி குறைவாக இருக்கலாம். அதோடு மழையும் காற்றும் சேர்ந்தால் ‘தமிழ்நாட்டுல என்ன பெரிய குளிரு?’ என்ற கேள்விக்கு இடமிருக்காது.

எல்லா ஆபத்துக்கும் பையில் விடை கிடையாது என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடையில் காய்ந்த புல்வெளி எரியும்போது எந்த ஜாக்கெட்டும் காப்பாற்றாது. எந்தப் பருவத்தில், யாருடைய அனுமதியுடன், எந்தப் பாதையில் போகிறோம் என்ற முடிவுதான் முதல் பாதுகாப்பு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பதிவுக் கட்டணம் செலுத்தும் முன் ஏற்பாட்டாளரிடம் 5 கேள்விகள் கேட்கலாம். மழை ஜாக்கெட் கட்டாயமா, பரிந்துரையா? பாதையின் நடுவில் சோதனை உண்டா? எந்த இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, அங்கே யார் நிற்பார்கள்? வானிலை மோசமானால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? ஒருவர் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் தேடத் தொடங்குவீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத பந்தயத்துக்கு, டி-ஷர்ட்டும் மெடலும் எவ்வளவு அழகாக இருந்தாலும், போகாமல் இருப்பதே நல்லது.

அதேபோல, வாங்கிய ஜாக்கெட்டை ஒருமுறையாவது மழையில் போட்டு ஓடிப் பார்க்க வேண்டும். ஈரக் கையோடு பையைத் திறந்து அதை ஒரு நிமிடத்துக்குள் எடுத்து அணிய முடிகிறதா என்று வீட்டு மாடியிலேயே சோதிக்கலாம். அடுத்த முகாமுக்கு அனுப்பும் பையில் அதை வைக்கவே கூடாது. 60-வது கிலோமீட்டரில் காத்திருக்கும் ஜாக்கெட், 30-வது கிலோமீட்டரில் நடுங்குபவருக்கு எதற்கும் ஆகாது.