எதிரே உட்காரப் போவது யார்?

தீபாவளிக்கு முதல் வாரம் ஹட்டன் டவுனில் நடக்க இடம் இருக்காது. முற்பணம் கைக்கு வந்திருக்கும், எல்லாரும் உடுப்பு எடுக்க வந்திருப்பார்கள். போன வருசம் அந்த நெரிசலுக்குள்ளதான் நாங்களும் போய் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கினோம்.

நாங்கள் பேராதனைக் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். நாலு பேருமே தோட்டத்துப் பிள்ளைகள். எங்களில் ஒருத்தியின் அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் ஒரு கடையில். பிள்ளை அப்பாயியோடு லயத்தில் இருக்கிறாள். "முழு நாளும் போனுலயே கெடக்குதும்மா" என்று அப்பாயி சொல்லியிருந்தார். போனுக்குப் பதிலாக உட்கார்ந்து விளையாடுகிற சாமான் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

விலை 3,200 ரூபாய். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். 2024இல் கூட்டிய 1,350 ரூபாய்க் கணக்கில் பார்த்தால், ரெண்டு பேர் விளையாடுகிற சாமானுக்கு ரெண்டு 'பேருக்கு' மேல் போய்விட்டது. பெட்டியின் மேல் '2 முதல் 6 பேர், 5 வயதுக்கு மேல்' என்று போட்டிருந்தது. வீட்டில் ரெண்டு பேர் இருக்காங்க, வயசும் சரி. வேற என்ன பார்க்கணும்?

அது காணி வாங்கி, வீடு கட்டி, அதில் வந்து நிற்கிறவரிடம் வாடகை வாங்குகிற ஆட்டம். தீபாவளி அன்றைக்கு எல்லாருமாக உட்கார்ந்து விளையாடினோம். பிள்ளை கட்டையை உருட்டினாள், அட்டையில் இருந்த இங்கிலீசை நாங்கள் வாசித்துச் சொன்னோம். ஒரே சிரிப்பு. பொங்கலுக்குத் திரும்பி வந்தபோது பெட்டி அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. ஏன் விளையாடவில்லை என்று கேட்டோம்.

"அது நீங்க வந்தா வெளையாடுற சாமான்தானே" என்றாள் பிள்ளை.

அப்பாயி ஒன்றும் பேசவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

பிள்ளைக்கு வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் எங்களுக்கே வாங்கியிருக்கிறோம். எத்தனை பேர், எத்தனை வயது என்பதைப் பெட்டி சொல்லும். அந்த ரெண்டு பேர் யார் என்று சொல்லாது. எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ லயங்களில் அந்த ரெண்டு பேரில் ஒருவருக்கு ஐந்து வயது, மற்றவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது, நாம் போன பிறகு பிள்ளைக்கு எதிரே உட்காரப் போவது யார் என்பதைத்தான். பெட்டியின் விலையையும் படத்தையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடனே பாதிப் பெட்டிகள் கழிந்துவிடும். முதலில் போவது வாசிக்க வேண்டிய ஆட்டங்கள். நாங்கள் வாங்கிய வகைக்கு ஒரு கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் லிஸி மகீ என்ற பெண் 1904இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்று ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் வைத்திருக்கிறவர் வாடகையாலேயே பணக்காரராவதையும், குடியிருக்கிறவர் ஒன்றுமில்லாமல் போவதையும் விளையாடிப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1935இல் கடைக்கு வந்த மொனோபொலி. சொந்தக் காணி இல்லாத லயத்து வீட்டுக்கு அதே வகை ஆட்டத்தைத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அதை விடுங்கள். ரெண்டு பேர் மட்டும் விளையாடினால் அது இழுத்துக்கொண்டே போகும். ஒருத்தர் ஏறிவிட்டால் மற்றவர் மீள்வது கஷ்டம். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் தோற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

அடுத்தது இடம். கரம் போர்ட் நல்ல விளையாட்டு, எங்களுக்கும் பைத்தியம்தான். ஆனால் ஆடுகிற பரப்பு மட்டுமே 29 அங்குலம், சட்டத்தோடு சேர்த்தால் மூன்று அடிக்குக் கிட்ட வரும். சுற்றி உட்காரவும் இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டிலும் அலுமாரியும் போக மிச்சம் என்ன இருக்கு? இஸ்தோப்பில் வைக்கலாம், மழைச் சாரல் அடிக்காத நாளில்.

மூன்றாவது, ரெண்டு பேருக்கும் ஜெயிக்க வழி இருக்க வேண்டும். பாம்பும் ஏணியும் முழுக்க அதிர்ஷ்டம். பிள்ளை நூறு வரை எண்ணப் பழகும், அது நல்லதுதான். ஆனால் அதில் யோசித்து எடுக்க ஒரு முடிவுகூட இல்லை, அதனால் பெரியவருக்குச் சீக்கிரமே கொட்டாவி வந்துவிடும். செஸ், டாம் இதற்கு நேர்மாறு. டாம் போர்டுக்குச் செலவே இல்லை, சோடா மூடி போதும். ஆனால் தெரிந்தவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார். பெரியவர் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதை பிள்ளைகள் நாலாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

நடுவில் நிற்கிறது தாயம். என்ன விழும் என்பது அதிர்ஷ்டம், எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். ஐந்து வயதும் அறுபது வயதும் சமமாக மோதக்கூடிய இடம் அது. கடைச் சாமான் எதுவும் தேவையில்லை. நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சீமெந்துத் தரையில் தேய்த்தால் வெள்ளை வரும். உருட்டிப் போட்டு எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை. ஒன்றுமே வெள்ளை இல்லாவிட்டால் எட்டு. ஒன்று விழுந்தால் தாயம், அப்போதுதான் காய் உள்ளே இறங்கும். வீட்டில் லூடோ இருந்தால் அதுவும் பரவாயில்லை. அதுவும் நம்ம பக்கத்துப் பச்சிசி ஆட்டத்திலிருந்து போய் 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததுதான். ரெண்டு பேர் விளையாடும்போது ஆளுக்கு எதிரெதிரான ரெண்டு நிறம் எடுங்கள். ஆளுக்கு ஒரு நிறம் வைத்தால் போர்டு வெறிச்சென்று கிடக்கும், வெட்டுவதற்கு ஆளே அகப்படாது.

பொங்கல் அன்றைக்கு இதைப் பற்றித்தான் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். பல்லாங்குழியை எப்படி ஆடுவது என்று போனில் தேடினோம். அடுப்படியில் இருந்து அப்பாயி எட்டிப் பார்த்தார்.

"என்னா தேடுறீங்க? எனக்குத் தெரியுமே. சின்னதுல பணிய லயத்துக் கெழவி ஒண்ணு பழக்கி உட்டுச்சு."

இருபது வருசமாக அவர் கையால் தேத்தண்ணி குடிக்கிறோம். ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பலகை இல்லை. முட்டை அட்டையில் ரெண்டு வரிசையை வெட்டி எடுத்தோம். பக்கத்துக்கு ஏழு குழி வேண்டும், முட்டை அட்டையில் ஆறுதான் வரும். அப்பாயி ரெண்டு மூடிகளை எடுத்து ஓரத்தில் வைத்து ஏழாக்கினார். குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை வெறுமையானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கு அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு, அதோடு உங்கள் முறை முடிந்தது. இடையில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் மாறி மாறி அப்பாயியிடம் தோற்றோம். பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். அவளுக்காக அப்பாயி குழியைப் பக்கத்துக்கு ஐந்தாகவும் கொட்டையைக் குழிக்கு மூன்றாகவும் குறைத்துக் கொடுத்தார். இந்த மாதிரி எதிரே இருக்கிற ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள முடிகிற ஆட்டம்தான் வீட்டில் நிலைக்கும்.

கொட்டைக்கு என்ன செய்வது? புளியங்கொட்டை நல்லது. தேயிலைக் கொட்டையும் கிடைத்தால் நல்லது. ஆனால் ஒழுங்காகக் கொழுந்து பறிக்கிற செடியில் அதைப் பார்க்க முடியாது, காடாகிப்போன மலையில்தான் தேட வேண்டும். ஒன்றை மட்டும் பயன்படுத்தாதீர்கள்: குண்டுமணி. சிங்களப் புத்தாண்டுக் காலத்தில் ஆடுகிற 'ஒலிந்த கெளிய' நம்ம பல்லாங்குழியின் அக்கா தங்கை மாதிரி. ஒலிந்த என்பது குண்டுமணிதான். பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் விசம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தக் கொட்டையையும் எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாம். எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற வயது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. கரித்துண்டால் தரையில் கீறிவிடலாம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்க வேண்டும். ரெண்டு பக்கத்துக்கும் வேலை வேறு என்பதால் சமமில்லாத ரெண்டு பேருக்கு இது பொருந்துகிறது. புலியை ஓட்டுவது லேசு, பிள்ளைக்குக் கொடுங்கள். ஆடுகளை மேய்ப்பது கஷ்டம், அதைப் பெரியவர் எடுக்கட்டும். சிங்களக் கிராமங்களில் சிறுத்தையும் மாடும் வைத்து இதே போல ஆடியதை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' நூலில் எழுதியிருக்கிறார். மலைக்குப் போகிற வழியில் சிறுத்தையைப் பார்த்த ஆள் நம்ம லயங்களில் இருக்காங்க. ஆட்டத்துக்கு நடுவில் அந்தக் கதையும் தானாக வரும்.

தோற்றால் அழுகிற வயதுக்கு இன்னொரு வழி உண்டு. ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986இல் 'பழத்தோட்டம்' என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதில்லை. எல்லாரும் ஒரே கட்சி, எதிரி ஒரு காகம். காகம் வருவதற்குள் பழங்களைப் பறித்துவிட வேண்டும். நாங்கள் அதைப் பார்த்து அட்டையில் நுவரெலியா மரக்கறித் தோட்டம் ஒன்று செய்தோம். கரட், லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு, ஒவ்வொன்றிலும் நாலு. காகத்துக்குப் பதிலாகக் காட்டுப்பன்றி, அது வருவதற்கு ஐந்து அடி தூரப் பாதை. கட்டையின் நாலு பக்கத்தில் நாலு நிறம், ஒன்றில் பன்றி, ஒன்றில் கூடை. நிறம் விழுந்தால் அந்த மரக்கறியில் ஒன்று, கூடை விழுந்தால் விரும்பிய ஒன்று, பன்றி விழுந்தால் பன்றி ஓர் அடி முன்னால் வரும். பத்து நிமிசத்தில் முடிந்துவிடும். அப்பாயி பன்றியைத் திட்டுகிற திட்டுக்காகவே பிள்ளை மறுபடியும் கேட்கிறாள்.

"அப்போ பழையதுதான் நல்லது என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. பன்றி ஆட்டத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. பல்லாங்குழியைப் பண்பாடு என்று கண்ணாடிக்குள் வைக்கவும் நாங்கள் சொல்லவில்லை. அது அப்பாயிக்குத் தெரிந்திருக்கிறது என்பதால்தான் எங்களுக்கு முக்கியம். போனும் பிள்ளையோடு விளையாடும், களைக்காமல் விளையாடும். ஆனால் பணிய லயத்துக் கிழவி யார் என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு பக்கத்தில் இருந்து வேறு கேள்வி வரும்: "புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற நேரத்துல என்னா வெளையாட்டு?" பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும் என்று சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம். வரும்தான். ஆனால் விளையாட்டையும் டியூசன் ஆக்க எங்களுக்கு விருப்பமில்லை. அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு, ஒரு நாளில் பத்து நிமிசம் ஒரு ஆள் முழுசாகத் தன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்தப் புள்ளியை விடவும் பெரிது. மலையில் வேலை முடித்துக் கால் நீட்டி உட்காருகிற அப்பாயிக்கும், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாரும் சொல்லாத பத்து நிமிசம் அது.

அதனால் பிள்ளைக்காம்பராவுக்கும் முன்பள்ளிக்கும் விளையாட்டுச் சாமான் அன்பளிப்புச் செய்கிற அமைப்புகளிடமும் எங்களைப் போன்ற மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். அங்கே பிள்ளையோடு இருக்கப்போகிறவரை உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். நீங்கள் வாய் திறக்காமலே அந்த ரெண்டு பேரும் ரெண்டாவது ஆட்டத்தைத் தொடங்கினால், சரியானதைத்தான் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

எங்கள் 3,200 ரூபாய்ப் பெட்டி இன்னும் அலுமாரி மேலதான் இருக்கு. அதில் இருந்த கட்டையை மட்டும் பன்றி ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம்.