மிஷின் நம்முடையது, துணி யாருடையது?

அன்னாசிப்பழம் போட்ட பீட்சா ருசியாக இருக்கும் என்று ஒத்துக்கொண்டால்தான் உள்ளே விடுவேன் என்றது வேர்ட்பிரஸ் டாட் ஆர்க். 2024 டிசம்பரில் நடந்தது இது. லாகின் பக்கத்தில் பெயர், கடவுச்சொல், அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். டிக் அடிக்காமல் நுழைய முடியாது. ராத்திரி பதினோரு மணி, மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டிய வேலை. அடித்தேன். அந்தப் பீட்சாவை நான் தின்றதுகூட இல்லை.

நண்பர்கள் இதை மீம் போட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்து வலைத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் ஓடுகிற மென்பொருள் அது. எனக்குத் தெரிந்த தமிழ் இணைய இதழ்களில் பெரும்பாலானவை அதன்மேல்தான் நிற்கின்றன. பதினைந்து வருடத்துக் கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, சண்டை, அஞ்சலிக் குறிப்பு எல்லாம் அதன் டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன. அதன் வாசல்படியில் ஒரு தனிமனிதரின் கோபதாபம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்கள், "அது டெக்னிக்கல் மேட்டர், நீ பார்த்துக்கோ" என்கிறார்கள். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் பிறந்தது. பி2 என்ற கைவிடப்பட்ட ஒரு நிரலை எடுத்து மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடர்ந்தார்கள். ஜிபிஎல் உரிமம், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். 2005இல் மேட் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2010இல் வேர்ட்பிரஸ் என்ற பெயரின் உரிமை ஒரு அறக்கட்டளைக்குப் போனது. எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அந்தப் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்தும் தனியுரிமை அப்போதே ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பிவிட்டது. ப்ளகின்கள், தீம்கள், அப்டேட்கள் எல்லாம் வந்து சேரும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்ற தளமோ அறக்கட்டளையுடையதும் அல்ல, நிறுவனத்துடையதும் அல்ல. மேட்டின் சொந்தச் சொத்து. 2024 வரை இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து வருடத்துக்கு மேல் அதில் சோறு சாப்பிடுகிற எனக்கே தெரியாது.

2024 செப்டம்பரில் அவர் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தோடு மோதினார். வேர்ட்பிரஸை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், திருப்பித் தருவது சொற்பம் என்பது புகார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலீட்டுக் கம்பெனியின் பணத்தில் வளர்ந்த நிறுவனம், புனிதரொன்றும் கிடையாது. வருமானத்தில் 8 சதவீதம், பணமாகவோ வேலையாகவோ, என்று கேட்கப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள். செப்டம்பர் 25ஆம் தேதி அவர்களுடைய சர்வர்களுக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் கதவு அடைக்கப்பட்டது. சண்டை இரண்டு முதலாளிகளுக்கு நடுவில். அப்டேட் நின்றுபோனது என்னவோ அங்கே இடம் வாடகைக்கு எடுத்திருந்த கடைக்காரர், பள்ளிக்கூடம், பத்திரிகைக்காரருக்கு.

இந்த இடத்தில் எனக்கு 2011 ஞாபகம் வருகிறது. திருப்பூர்க்காரர்களுக்கு அந்த வருடத்தைச் சொன்னால் போதும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங் ஓரிடம். அப்புறம் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயனிங், பேக்கிங். எல்லாம் ஜாப் ஒர்க். டெம்போவில் துணி தெருத்தெருவாக அலையும். பத்து மிஷின் போட்டவனும் முதலாளி, ஆயிரம் மிஷின் போட்டவனும் முதலாளி. 2011 ஜனவரி 28 அன்று நொய்யலில் கழிவைக் கலந்த சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளில் கரண்ட் பிடுங்கப்பட்டது. (உத்தரவு சரிதான். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.) மூடியது சாயப்பட்டறை மட்டும்தான். நின்றது ஊர்.

அப்பா கட்டிங் மாஸ்டர். நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். லீவுக்கு வந்தபோது கட்டிங் டேபிள்மேல் பேப்பர் விரித்து யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். "மிசின் நம்முளுது, டேபிள் நம்முளுது, கத்தி நம்முளுது. துணி வந்தாத்தான சாமி?" என்றார் அப்பா.

திறந்த மூல மென்பொருளைப் பற்றி நான் படித்த எதுவும் இந்த ஒரு வாக்கியத்தைப் போல விஷயத்தைச் சொன்னதில்லை. வேர்ட்பிரஸ் என்கிற நிரல் உங்களுடையது. சத்தியமாக உங்களுடையது, யாரும் பிடுங்க முடியாது. ஆனால் ஒரு தமிழ் இதழின் தளம் நிரலால் மட்டும் ஓடுவதில்லை. தேடலுக்கு ஒரு ப்ளகின், பாதுகாப்புக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, எழுத்தாளர் பக்கத்துக்கு ஒன்று. எல்லாமே ஜாப் ஒர்க். எல்லாத் துணியும் ஒரே சாயப்பட்டறை வழியாக வருகிறது. ஒரு வித்தியாசம், எங்கள் ஊரில் மூடியது நீதிமன்றம். வருடக்கணக்கில் வாய்தாவும் எச்சரிக்கையும் கொடுத்து, காரணத்தைப் பகிரங்கமாக எழுதி மூடியது. அங்கே ஒரு மனிதர் ஒரே நாளில் மூடினார்.

அக்டோபர் 12இல் நடந்தது இன்னும் மோசம். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று ஒரு ப்ளகின். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் உருவாக்கி, கை மாறி, 2022இல் டபிள்யூபி எஞ்சினிடம் வந்தது. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அதே முகவரியில் வேறு பெயர் வைத்த ஒரு நகலை டாட் ஆர்க் தரப்பு உட்கார வைத்தது. தானியங்கி அப்டேட் போட்டிருந்த தளங்களுக்குள் புதியது தானாகவே போய் இறங்கியது. நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இதழில் அந்த ப்ளகின்தான் மொழிபெயர்ப்பாளர் பெயரை வைத்திருக்கிறது. மூல ஆசிரியர், இதழ் எண், மொழிபெயர்த்தவர் என்று மூன்று பெட்டிகள். அன்று எந்தப் பெயரும் அழியவில்லை, தளம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் என் வீட்டுப் பூட்டை என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டு, புதுச் சாவியைப் பாயடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாவி சரியாகச் சேர்ந்தது என்று நன்றி சொல்லவா முடியும்?

டிசம்பர் 10ஆம் தேதி கலிபோர்னியா நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொன்னது. அதுவரை லாகின் கட்டத்தில் "டபிள்யூபி எஞ்சினோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று உறுதிமொழி கேட்டார்கள். தடைக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்ததுதான் அன்னாசிப்பழம். அடுத்த ஜனவரியில் ஆட்டோமேட்டிக், வாரம் ஏறக்குறைய 4,000 மணி நேரமாகச் சொல்லிவந்த தன் பங்களிப்பை 45 மணி நேரமாகக் குறைத்தது. மே மாதம் திரும்பி வந்தார்கள். நடுவில், ஏப்ரலில், 16 சதவீத ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இங்கே எங்கள் ஆட்கள், அதாவது சாஃப்ட்வேர் ஆட்கள், உடனே ஒன்று சொல்வார்கள்: "ஃபோர்க் பண்ணிக்கலாம் ப்ரோ." செய்யலாம்தான். வேர்ட்பிரஸே ஒரு ஃபோர்க். 2018இல் புது எடிட்டர் பிடிக்காதவர்கள் கிளாசிக்பிரஸ் என்று பிரித்துக்கொண்டு போனார்கள், இருக்கிறது, சின்னதாக. நிரலைப் பிரிப்பது அரை மணி நேர வேலை. ப்ளகின் பட்டியலையும் பெயரையும் இருபது வருடப் பழக்கத்தையும் எப்படிப் பிரிப்பது? 2025 ஜூனில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஃபேர் என்று ஒரு முயற்சி அறிவிக்கப்பட்டது. ஒரே பட்டறையை நம்பாமல் பல வழிகளில் அப்டேட் வரச் செய்வது அதன் நோக்கம். நல்ல விஷயம். அதை நம்பி ஓர் இதழாசிரியர் இன்றைக்குச் சும்மா இருக்க முடியாது.

இன்னொரு கோஷ்டி உண்டு. "வேர்ட்பிரஸெல்லாம் பழசு, ஸ்டேட்டிக் சைட்டுக்கு மாறுங்க" என்பவர்கள். நானும் அந்தக் கோஷ்டியில் இருந்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். 2023இல் மட்டும் என்ன ஆச்சு? கேட்ஸ்பியை நெட்லிஃபை வாங்கியது, அதோடு அதன் வேகம் போயிற்று. ஃபாரஸ்ட்ரியை மூடினார்கள். நெட்லிஃபை சிஎம்எஸ் கைமாறி டெகாப் ஆனது. வேர்ட்பிரஸுக்காவது இருபது வயது. இவை பள்ளிக்கூடமே போகாமல் கைவிடப்பட்டன. சப்ஸ்டாக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போகச் சொல்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. மிஷினே நம்முடையதில்லாத இடம் அது.

ஆக, எந்தக் கருவி சாகும், எது பிழைக்கும் என்பது என் கவலை இல்லை. வேர்ட்பிரஸ் இன்னும் பல வருடம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கருவிக்குள் மட்டுமே இருக்கிற எழுத்தை "பிரசுரமானது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது பொய். என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லி இதை ஒத்துக்கொள்கிறேன்.

2012இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் இணைய இதழ் நடத்தினோம். ஐந்து வருடம். தளம் போட்டுக் கொடுத்தவன் நான். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குச் செய்த அதே கையோடு அதையும் செய்தேன். அதில் ஓர் அக்கா எழுதினார். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, அப்போது செக்கிங்கில் இருந்தார். மொத்தம் ஏழு கதைகள். புத்தகமாக வரவில்லை, வேறெங்கும் அனுப்பவும் இல்லை. இதழ் நின்றது, ஆளாளுக்கு வேலை, கல்யாணம், பெங்களூரு. ஹோஸ்டிங் பணம் யாரோ ஒருவரின் கார்டில் போய்க்கொண்டிருந்தது, கார்டு காலாவதியானது. டொமைனை இன்னொருவர் எடுத்தார். இன்றைக்கு அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வருகிறது.

போன வருடம் அக்கா போன் செய்தார். "ஏனுங் தம்பி, என்ர கதையெல்லாம் தொறக்க மாட்டேங்குதுங்களே. புள்ளைக்குக் காட்டலாம்னு பாத்தனுங்க."

பேக்கப் இருக்கிறது என்று தைரியமாகச் சொன்னேன். இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு எஸ்கியூஎல் கோப்பு. திறந்தால் ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் பத்திரம். தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி, வரிசை வரிசையாக. நகல் எடுத்த அன்று எழுத்துரு அமைப்பில் ஒரு சொல் தப்பு. எடுத்தவன் நான், திறந்து பார்க்காதவனும் நான். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க எந்த நிரலாலும் முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடியதில் நான்கு கதைகள் கிடைத்தன. மூன்று இல்லை.

மேட் முல்லன்வெக் இதைச் செய்யவில்லை. எங்கள் அசிரத்தை செய்தது. ஆனால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு விஞ்ஞானி ஒருங்கிணைக்க, உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். பார்க்க அழகாக இருக்காது. ப்ளகின் இல்லை, அனிமேஷன் இல்லை. சாதாரணக் கோப்புகள். தமிழ் எழுத்துக் குறியாக்கமே மாறிப்போனது. திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு அவற்றை மாற்றிக்கொண்டு வந்தார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். அதே காலத்தில் பகட்டாகத் தொடங்கிய ஆறாம்திணையையும் அம்பலத்தையும் இன்று எங்கே போய்ப் படிப்பது? அச்சில் வந்த சுப்ரபாரதிமணியனின் 'கனவு' பழைய இதழைத் திருப்பூரில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கண்டுபிடித்துவிடலாம். அச்சிட்ட நாளிலேயே அது பல வீடுகளுக்குப் பிரிந்து போய்விட்டது. இணைய இதழ் அப்படிப் போவதில்லை, ஒரே ஓர் இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் அங்கே வரச் சொல்கிறது.

அதனால் இதழ் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன், மரியாதையாகவே கேட்கிறேன். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கடைசி பேக்கப்பை யாராவது திறந்து பார்த்தீர்களா? ஒவ்வோர் இதழையும் வெறும் உரைக் கோப்பாகவும் பிடிஎஃப்பாகவும் மாற்றி, ஆர்க்கைவில் ஒன்று, மூன்று நண்பர்கள் கையில் ஒவ்வொன்று என்று ஏன் வைக்கக்கூடாது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வேலை. புத்தக வெளியீட்டுக்கு மேடையும் சால்வையும் மைக்செட்டும் பிடிக்கக் காசு இருக்கிறது. இதைச் செய்துகொடுக்கும் பையனுக்குக் கொடுக்கக் காசு இல்லை. "ஃப்ரீயா பண்ணிக் கொடு தம்பி, இலக்கியம்" என்கிறீர்கள். ஃப்ரீயாகச் செய்தவனின் லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன். எழுதுகிறவர்களும் சும்மா இல்லை. அட்மின் பக்கத்திலேயே நேராகத் தட்டச்சு செய்து பப்ளிஷ் அழுத்துகிற கவிஞர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பிரதி என்று ஒன்றுமே கிடையாது.

அக்காவிடம் இருந்தது. செக்கிங் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதி, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, பீரோவுக்கு மேலே. காணாமல் போன மூன்றும் அதில் இருக்கின்றன. இப்போது ஞாயிறுதோறும் பெருமாநல்லூர் ரோட்டில் அவர் வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்கிறேன். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதில் ஒரு தாள் தண்ணீர் பட்டு நைந்திருக்கிறது, அந்தப் பக்கத்தை அவர் ஞாபகத்திலிருந்து சொல்கிறார். போன வாரம் ஒரு வரி சொல்லிவிட்டு, "இல்லீங் தம்பி, இது அன்னிக்கு எழுதுனது இல்ல, இப்பத் தோணுது. எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டேன்.