மோத்தியின் கடைவாய்ப்பல்

விஜய் நகரில் நான் குடியிருக்கும் வீட்டில் மோத்தி என்றொரு நாய் உண்டு. மோத்தி என்றால் முத்து. சென்ற குளிர்காலத்தில் ஒருநாள், கன்னத்தைத் தடவ வந்த வீட்டுக்காரரின் பேரனைப் பார்த்து அது உறுமிற்று; கையைக் கவ்வவும் பார்த்தது. "கிழட்டு நாய்க்குப் புத்தி கெட்டுவிட்டது, ரிட்ஜ் காட்டில் விட்டுவிடுவோம்" என்று தீர்ப்பாயிற்று. நான் வாய் திறக்கவில்லை. பல நாட்களாக அது சப்பாத்தியைக் கவ்விக் கீழே போட்டதையும், ஒரு பக்கமாகவே மென்றதையும் கண்டவன் நான். அதன் வாய் வீச்சத்தை, நாயென்றால் நாறத்தானே செய்யும் என்று தள்ளியவனும் நானே.

கண்ணுக்குக் கீழே வீக்கம் கண்ட பிறகுதான் மருத்துவரிடம் போனோம். மேல்வாயின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. அந்த வேர் கண்ணுக்கு அடியில் முடிவதால், நோய் பல்லில் இருக்க வீக்கம் முகத்தில் தெரிகிறது. எலும்பைக் கடித்து உடைந்திருக்கும் என்றார். ஆசையாய் எலும்பு போட்டவர்கள் நாங்கள்தாம்! மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மோத்தி பேரனின் மடியில் கிடந்தது.

"நன்றாகத் தின்கிறதே, வலி இருந்தால் தின்னுமா?" என்பது நம்மவர் வாதம். தின்னும், நண்பர்களே! பசி வலியை வென்றுவிடும். நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. ஒன்று நொந்தால் மற்றவற்றால் சமாளித்துக்கொள்ளும். பெரும்பாலான நாய்களுக்கு மூன்று வயதுக்குள்ளேயே ஈறுநோய் தொடங்கிவிடுகிறது. சிவந்த ஈறு, பல்லில் பழுப்புக் காரை, முகத்தைத் தரையில் தேய்ப்பது, பூனையானால் தட்டருகே வந்து தின்னாமல் திரும்புவது ஆகியவை அதன் முறையீடுகள். நாள்தோறும் பல் தேய்த்துவிடலாம். நம் பற்பசை மட்டும் வேண்டாம். சிலவற்றில் கலக்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. ஆனால் எச்சில் வடிய, தாடை தொங்க, விழுங்க முடியாமல் தவிக்கும் பிராணியின் வாயில் கை வைத்துவிடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! கமலா நகரில் ஒரு தட்டு சோலே பட்டூரேயின் விலைகூட இராது. அந்தச் சட்டத்தை நம்பி மோத்தி பிழைத்திருக்க முடியாது.

விடுமுறைக்கு ஊர் போகிறீர்கள். வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். ஒரு நிமிடம் அதன் உதட்டை மெல்ல உயர்த்திக் கடைவாயைப் பாருங்கள்.