கிலோவாட் ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்

வண்டிப்பெரியார் வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டாரின் தகட்டில் குதிரைசக்தி பொறித்திருக்கும். மின்வாரியத்தின் பில் யூனிட்டில் வரும். 25 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் 18 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு குதிரைசக்தி 746 வாட் என்று தெரிந்த எந்த எலெக்ட்ரீஷியனும் இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். ஊரைத் தொட்டு ஓடும் பெரியாற்றின் மேலே, முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீரில் எடுக்கும் மின்சாரத்துக்கு மட்டும் வேறோர் அளவு வைத்திருக்கிறார்கள்: கிலோவாட் ஆண்டு. அதைப் பிரித்துப் பார்க்காமலேயே கேரளம், தமிழ்நாடு இரண்டு மாநிலத்திலும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1886-இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக்குக் குத்தகை எழுதிக் கொடுத்ததும், 1895-இல் பென்னிகுவிக்கின் அணை எழுந்ததும் பாசனத்துக்காக. அந்தத் தண்ணீரில் மின்சாரமும் எடுக்கலாமா என்ற வழக்கு நடுவரிடம் போய், 1941-இல் தீர்ப்பு திருவிதாங்கூருக்குச் சாதகமாக வந்தது. பிறகு பேசிப் பேசி, தமிழ்நாட்டின் லோயர்கேம்ப்பில் மின்நிலையம் ஓடத் தொடங்கிய பின்னும் பேசி, 1970 மே மாதம் இரு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ்நாடு கேரளத்துக்குத் தரும் நிலக் குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ஆனது. மின்சாரத்துக்கு, ஆண்டில் 35 கோடி யூனிட் வரை கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய். அதற்கு மேற்பட்டதற்கு 18 ரூபாய்.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆக ஒரு கிலோவாட் ஆண்டு என்பது 8,760 யூனிட். 12 ரூபாயை இதற்குப் பகிர்ந்தால் ஒரு பைசாவுக்கு 7.3 யூனிட். 18 ரூபாய் விகிதத்திலும் பைசாவுக்கு ஏறக்குறைய ஐந்து யூனிட் கிடைத்துவிடும். ஓர் ஆண்டில் 49 கோடி யூனிட் உற்பத்தி என்று வைத்துக்கொள்வோம். முதல் 35 கோடிக்கு 4.79 லட்சம், மிச்சம் 14 கோடிக்கு 2.88 லட்சம், மொத்தம் 7.67 லட்சம் ரூபாய். கேரள மேடைகளில் அடிக்கடி கேட்கும் ‘ஏழரை லட்சம்’ இங்கிருந்து வருவதுதான்.

இந்த அளவை யாரும் ஏமாற்றுவதற்காகக் கண்டுபிடிக்கவில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மைசூர் அரசு மின்சாரம் கொடுத்தபோது விலை குதிரைசக்தி ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசினார்கள். சுரங்கத்தில் இரவும் பகலும் ஒரே சுமை. மணிக்கணக்கில் எண்ண வேண்டிய தேவை இல்லை. பெரியாற்றுத் தண்ணீரோ போகத்துக்குப் போகம், மழைக்கு மழை கூடிக் குறைந்து வருவது. அங்கே போய் ஆண்டுக் கணக்கை ஒட்டவைத்ததில் 8,760 வெறும் வகுக்கும் எண்ணாகிவிட்டது. ‘கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்’ காதுக்குப் பரவாயில்லை என்று பட்டது, ‘யூனிட்டுக்கு 0.14 பைசா’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கே யாராவது புருவம் உயர்த்தியிருப்பார்கள்.

அதற்காக இந்த 0.14 பைசாவை வீட்டு மின்கட்டணத்தோடு பக்கத்தில் வைத்து ‘கொள்ளை’ என்பதும் கணக்கல்ல. இது மின்சாரத்தின் விலை இல்லை. தண்ணீரைப் பயன்படுத்துவதற்கான தீர்வை. குழாய்களும் டர்பைன்களும் அவற்றைப் பராமரிக்கும் செலவும் தமிழ்நாட்டின் பொறுப்பு. பொருத்தமான ஒப்பீடு வேறு இருக்கிறது. மத்திய அரசின் நீர்மின் திட்டங்களில், திட்டம் அமைந்த மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம் என்பது பின்னாளில் வந்த நெறி. லோயர்கேம்ப் மின்நிலையம் தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டுக் காசில் நிற்பதால் அது அப்படியே பொருந்தாது. இருந்தாலும் 49 கோடியில் 12 சதவீதம் 5.88 கோடி யூனிட். 7.67 லட்சத்துக்குப் பக்கத்தில் அதை எழுதிப் பார்க்கலாம். தமிழ் வாசகருக்குக் கசக்கும். கசந்தாலும் பார்க்க வேண்டிய எண்.

மேற்கே போனால் அதே தண்ணீர் இன்னும் அதிகம் தரும் என்பது கேரளத்தின் இன்னொரு வாதம். இயற்பியலில் அது சரிதான். கேரளத்தின் மூலமற்றம் மின்நிலையத்தில் 650 மீட்டருக்கு மேல் விழும் ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் தரும்; லோயர்கேம்ப்பில் வீழ்ச்சியும் குறைவு, யூனிட்டும் குறைவு. ஆனால் லோயர்கேம்ப் டர்பைனை விட்டு வெளியே வந்த தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் தொடங்கி மதுரை, ராமநாதபுரம் வரை வயலுக்குப் போகிறது. ஒரு யூனிட் 860 கிலோகலோரி என்று எந்தப் பாடநூலிலும் அட்டவணை உண்டு. ஒரு போக நெல்லுக்கு எத்தனை யூனிட் என்று அட்டவணை இல்லை. வண்டிப்பெரியார் லயங்களில், அணைக்குக் கீழே இருக்கும் தமிழர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. கம்பத்தில் அந்தத் தண்ணீரில் நாற்று நடுவது பலருக்கு மாமன் மச்சான்தான்.

என் பார்வையில் 1970-இன் பிழை தொகை சிறியதாக இருந்ததில் இல்லை. மின்சாரத்தை ரூபாயாக மாற்றி அங்கேயே நிறுத்தியதில் இருக்கிறது. 1970-இன் யூனிட்டும் இன்றைய யூனிட்டும் அதே 36 லட்சம் ஜூல்தான். 1970-இன் பன்னிரண்டு ரூபாய் இன்று ஒரு டீக்குக் காணுமா? உற்பத்தியில் இத்தனை பங்கு என்று யூனிட்டிலேயே எழுதியிருந்தால், அணையின் பாதுகாப்பு, நீர்மட்டம் என்று எத்தனை சண்டை இருந்தாலும் இந்த ஒரு கணக்கை நீதிமன்றத்துக்கும் மேடைக்கும் இழுத்துக்கொண்டு போகத் தேவை இருந்திருக்காது. இனி எப்போது உட்கார்ந்தாலும் முதல் பக்கத்தில் யூனிட் இருக்கட்டும். ரூபாயை அந்தந்த ஆண்டின் விலைப்படி அந்தந்த ஆண்டே போட்டுக்கொள்ளலாம்.