50 கி.மீ. ஆம்பளைங்களுக்கு மட்டும்தானா?

பனியை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்தவனுக்கு கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான் :-) ஆனால் இது பனி சமாச்சாரம் இல்லை மக்களே. "உன்னால முடியாது" என்று பெண்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்த கதை.

தெரியாதவர்களுக்கு: மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிற ஸ்கீ வேறு. இது ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாவற்றிலும் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு சொந்தத் தெம்பில் போகிற பந்தயம். முடித்த கையோடு கோட்டிலேயே விழுந்து கிடப்பார்கள்.

1924 ஷாமோனி ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 18, 50 கி.மீ. பந்தயங்கள். பெண்களுக்கு? பூஜ்யம். 1952 ஆஸ்லோவில்தான் 10 கி.மீ. கொடுத்தார்கள். 20 வந்தது 1984ல். 30 வந்தது 1992ல். அப்புறம் முப்பது வருஷம் அங்கேயே நின்றுவிட்டது.

ஸ்வீடனில் வாசாலொப்பெட் என்று 90 கி.மீ. பந்தயம் ஒன்று உண்டு. 1923ல் மார்கிட் நோர்டின் என்ற பெண் அதை முடித்துக் காட்டினார். கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1924லிருந்து பெண்களுக்குத் தடை! 1981ல்தான் நீங்கியது. முடித்துக் காட்டிய பிறகு தடை போட்டவர்களை என்னவென்று சொல்வது?

"உடம்பு தாங்காது" என்பார்கள். ஓட்டத்திலும் இதைத்தான் சொன்னார்கள். 1928க்குப் பிறகு பெண்களின் 800 மீட்டரை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்து, 1960ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1984ல் பெண்கள் மாரத்தானே ஓடினார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"தூரம் சமமா இருக்க வேண்டாம், நேரம் சமமா இருந்தா போதும்" என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, கணக்குப் போடுவோம். பெண்களுக்கு 15 சதவீதம் கூடுதல் நேரம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 50 போகிற நேரத்தில் பெண்கள் 43 கி.மீ. போவார்கள். அப்புறம் 30 எங்கிருந்து வந்தது சார்?

சில வீராங்கனைகளுக்கே 50 பிடிக்கவில்லை என்பது உண்மை. அதனால் என்ன? ஸ்பிரின்ட் போகிற ஆண்கள் பலருக்கும்தான் 50 பிடிக்காது. அதற்காக ஆண்களின் 50ஐ யாராவது தூக்கினார்களா?

உச்சக்கட்ட காமெடி 2022 பெய்ஜிங் ஒலிம்பிக். காற்றும் குளிரும் அதிகம் என்று ஆண்களின் 50ஐ 30க்கும் கீழே வெட்டினார்கள். மறுநாள் பெண்களின் 30 கி.மீ. பந்தயம் வெட்டுப்படாமல் நடந்தது. நார்வேயின் தெரேசே யோஹாக் ஒன்றரை நிமிஷத்துக்கும் மேல் முன்னால் வந்து ஜெயித்தார். தாங்காத உடம்பாம்!

அதே 2022ல்தான் சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் குழு இரு பாலருக்கும் ஒரே தூரம் என்று முடிவெடுத்தது. ஆதரவு வெறும் 57 சதவீதம். 2023 மார்ச்சில் ஹோல்மென்கோலனில் பெண்கள் 50 கி.மீ. போனார்கள். ரக்ன்ஹில்ட் ஹாகா ஜெயித்தார். 2025 ட்ரொன்ட்ஹைம் உலகப் போட்டியில் ஸ்வீடனின் ஃப்ரிடா கார்ல்சன் யோஹாகையே முந்தினார்.

கதை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஸ்கீ ஜம்ப்பையும் கிராஸ் கன்ட்ரியையும் சேர்த்த நார்டிக் கம்பைன்ட் என்ற போட்டி 1924லிருந்தே ஒலிம்பிக்கில் இருக்கிறது, ஆண்களுக்கு மட்டும். 2026க்காவது பெண்களைச் சேருங்கள் என்றதற்கு, 2022 ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி முடியாது என்றது. ஒருசில நாடுகள்தான் பதக்கம் வாங்குகின்றன, பார்வையாளர்கள் குறைவு என்று காரணம் சொன்னது. ஆண்கள் போட்டியின் மீதும் இதே குறையைச் சொன்னது. ஆனால் அவர்களுக்கு இடம் உண்டு!

மேடையே தராமல், பார்க்க ஆளில்லை என்பது கடையைத் திறக்காமல் வியாபாரம் இல்லை என்பது மாதிரி. முதலில் கடையைத் திறங்கய்யா. கூட்டம் வருதா இல்லையான்னு அப்புறம் பார்க்கலாம்.